வள்ளல்களுக்கு ஒரு பொன்னாடை

நார்வேயின் வடகோடியில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நிலக்கரி வெட்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம் ஒன்று இருக்கிறது. 2020 ஜூலையில் அதற்குள் 186 ஃபிலிம் சுருள்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். மொத்தம் 21 டெராபைட். கிட்ஹப் தளத்தில் உலகத்து நிரலர்கள் பொதுவில் எழுதி வைத்திருந்த மூலநிரல் அதில் பதிவாகியிருக்கிறது. உறைபனிக்குள் ஆயிரம் ஆண்டு கெடாதாம். எழுதியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆர்க்டிக் பெட்டகப் பங்களிப்பாளர்' என்று சின்னதாக ஒரு முத்திரையும் குத்திவிட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோமே, அதற்கும் ஆயிரம் ஆண்டுதான் ஆகிறது. ஆனால் ராஜராஜன் கொஞ்சம் விவரம் தெரியாத ஆள். கோயிலுக்குக் கொண்டுவந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் வெட்டச் சொன்னதோடு நிற்காமல், தலைக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்றும் சேர்த்து வெட்டச் சொல்லிவிட்டான். ஸ்வால்பார்ட் சுருளில் பெயர் இருக்கிறது. நெல்லைப் பற்றிய வரி மட்டும் விடுபட்டுவிட்டது. ஃபிலிமில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

சாலைப் பள்ளத்தில் ஒரு கூடை ஜல்லி கொட்டியதற்கே ப்ளெக்ஸ் வைக்கிற ஊர் இது. ஊரான் உழைப்பை ஆயிரம் ஆண்டுக்குப் பத்திரப்படுத்திய வள்ளல்களுக்கு ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லையென்றால் நன்றிகெட்ட ஜனம் என்று பெயர் வந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வாழ்த்துரை. (எதிரணி எழுந்து 'ஸ்பான்சர்ஸ்' என்று கத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 2019-இல் நிரலர்களுக்குக் காசு சேர்க்க கிட்ஹப்பில் அந்தப் பெயரில் ஓர் உண்டியல் வைத்தார்கள். கமிஷன் எடுக்கவில்லை, முதல் வருஷம் தங்கள் பங்கையும் கொஞ்சம் போட்டார்கள். உண்டியல் வைத்தவர் நல்லவர்தான். அதில் காசு போட வேண்டியவர்கள் நீங்களும் நானும், அவ்வளவுதான்.)

வாழ்த்துரை என்றால் வரலாறு வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுதியவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளில் தங்கள் நிரலை வைத்துப் பராமரித்தார்கள். ஓசியில் கொடுத்திருந்தார்கள், நிபந்தனையோடு. 2005-இல் உரிமையாளருக்குக் கோபம் வந்தது, ஓசி நின்றது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் உட்கார்ந்து சில நாட்களில் கிட் என்ற கருவியின் முதல் வடிவத்தை எழுதினார். பட்ட அடி அதன் எலும்புக்குள்ளேயே இருந்தது. கிட்டுக்குத் தலைமையகம் கிடையாது. ஒவ்வொருவர் கணினியிலும் முழு நிரலும் முழு வரலாறும் இருக்கும். யாரும் யாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த முடியாது.

மூன்றே வருஷத்தில், 2008-இல், தலைமையகமே வேண்டாம் என்று செய்த கருவிக்கு ஒரு தலைமையகம் கட்டிக்கொடுத்தார்கள். கிட்ஹப் பிறந்தது. நாம் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு குடியேறினோம்.

நிரலைத் தூக்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்பது உண்மைதான். ஆனால் பத்து வருஷமாக அந்த நிரலைப் பற்றி நடந்த விவாதம், பக் பட்டியல், எந்த மாற்றத்தை ஏன் ஏற்றோம் ஏன் மறுத்தோம் என்ற பேச்சு, சேர்த்த ஸ்டார்கள் (அங்கே லைக் மாதிரி), இதெல்லாம் கிட்டுக்குள் இல்லை. தளத்துக்காரரின் டேட்டாபேஸில் இருக்கிறது. அதன் பூட்டும் சாவியும் அவரிடம். உலகத்துத் திறமூல நிரலில் (யாரும் படிக்கலாம், எடுத்தாளலாம் என்று திறந்துவைத்த நிரலில்) பெரும்பகுதி குடியிருக்கும் அந்தத் தளத்தின் சொந்த நிரல் மட்டும் திறமூலம் இல்லை. இதைச் சொன்னால் 'அது வேற, இது வேற' என்பார்கள். வேறதான். கொடுக்கிறவன் வேற, வாங்கிக்கொள்கிறவன் வேற.

2001-இல் மைக்ரோசாஃப்ட்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர், தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் புற்றுநோய் என்று லினக்ஸைச் சொன்னார். அவர் பயந்தது லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்துக்கு: அந்த நிரலை எடுத்து நீ ஒன்று செய்து ஊருக்கு விநியோகித்தால், உன் நிரலையும் திறந்து கொடு என்கிற நிபந்தனைக்கு. 2018 ஜூனில் அதே நிறுவனம் 750 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து கிட்ஹப்பை வாங்குவதாக அறிவித்தது. புற்றுநோய்க்கு இவ்வளவு விலை கொடுத்தவர் சரித்திரத்தில் வேறு யாரும் இல்லை. பொன்னாடை ஒன்று போதாது, ஆளுயர மாலையும் சொல்லி வையுங்கள்.

'சும்மா பயமுறுத்தாதீங்க சார், பெரிய கம்பெனி, எங்கே போயிடப் போகுது' என்று கேட்பவர்கள் சோர்ஸ்ஃபோர்ஜ் கதையைக் கேட்டதில்லை என்று பொருள். 1999 நவம்பரில் விஏ லினக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கிய தளம் அது; அந்தக் காலத்தில் திறமூலம் என்றாலே அந்த வீடுதான். அடுத்த மாதம் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 30 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலை 239 டாலரில் நின்றது. முதல் நாளில் இப்படி ஏறிய பங்கை அமெரிக்கச் சந்தை அதுவரை பார்த்ததில்லை. ஊரார் சும்மா எழுதிக் கொடுத்த நிரலின் வாசனைக்கே அந்த விலை. தளத்தின் சொந்த நிரலும் முதலில் திறந்துதான் இருந்தது, சீக்கிரமே மூடிக்கொண்டார்கள்.

கை மாறிக் கை மாறி 2012-இல் அது வேலைவாய்ப்பு விளம்பரம் நடத்தும் ஒரு கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. வாங்கியவருக்குப் போட்ட காசு வர வேண்டாமா? 2013-இல் புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள். நீங்கள் இறக்குகிற இலவச மென்பொருளோடு, கேட்காத விளம்பர மென்பொருளும் சேர்ந்து உங்கள் கணினியில் உட்காரும். வெறுத்துப்போன கிம்ப் குழு, அந்த வருஷமே தங்கள் விண்டோஸ் பதிப்பை எடுத்துக்கொண்டு வெளியேறியது. படம் திருத்துவதற்கு உலகமே பயன்படுத்தும் மென்பொருள் அது. 2015 மே மாதம் பார்த்தால், காலி செய்துவிட்டுப் போன அந்தக் கணக்கைத் தளத்துக்காரர்களே எடுத்துக்கொண்டு, கிம்ப் பெயரில், கிம்ப் படம் போட்டு, விளம்பரக் குப்பை கட்டிய பொட்டலத்தை விநியோகித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்குச் சொன்ன பதில்: அது கைவிடப்பட்ட திட்டம். குடித்தனக்காரர் காலி செய்த வீட்டில் அவர் பெயர்ப்பலகையை விட்டுவைத்துக்கொண்டு உள்ளே சீட்டாட்டம் நடத்துவது என்பார்களே, அதுவேதான். ஊர் காறித் துப்பிய பிறகு நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் தளமே வேறு கைக்குப் போனது. வாங்கியவர் அந்தத் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். கூகுளும் 2006-இல் இப்படி ஒரு வீடு கட்டி, 2016 ஜனவரியில் இழுத்து மூடியது. அது கொஞ்சம் மரியாதையான வீட்டுக்காரர். நோட்டீஸ் கொடுத்து மூடினார்.

கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குச் சாத்தும் என்பது அடுத்த அத்தியாயம். 2019 ஜூலையில் ஈரான், சிரியா, கிரீமியாவில் இருந்த நிரலர்கள் பலருக்குத் கிட்ஹப்பில் தங்கள் தனிப்பட்ட ரெப்போக்கள் (நிரல் கிடங்குகள்) திடீரென்று பூட்டிக் கிடந்தன. அமெரிக்கச் சட்டம், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றது நிர்வாகம். ஈரானியர்களுக்கு மறுபடி திறக்க அமெரிக்கக் கருவூலத்தின் உரிமம் வாங்க வேண்டியிருந்தது; அது 2021 ஜனவரியில் வந்தது. நம் ஊர் மட்டும் இளைத்ததா? 2014 டிசம்பரில், ஐ.எஸ். ஆதரவுப் பதிவுகள் இருக்கின்றன என்று மும்பைப் பயங்கரவாதத் தடுப்புப் படை சொன்னதும், 32 இணைய முகவரிகளை முடக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்கள் இரண்டொரு நாளில் நாமே அணைத்தோம் என்று மார்தட்டிக்கொண்டார்கள்.

அதே கிட்ஹப்பில்தான் 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' வந்தது. முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்கள் பெயரைப் போட்டு, ஏலம் விடுவதுபோல் ஒரு செயலி. செய்தியாளர்கள், விமானி, மாணவிகள். புகார் எழுந்த பிறகு எடுத்தார்கள். ஆறே மாதத்தில், 2022 புத்தாண்டு தினத்தன்று, அதே தளத்தில், அதே வேலை, 'புல்லி பாய்' என்ற பெயரில் இன்னும் அதிகமான பெண்களோடு திரும்பி வந்தது. முதல் புகார்களை ஆறு மாதமாகக் கிடப்பில் போட்டிருந்த காவல்துறைக்கு அப்போதுதான் கைகால் அசைந்தது. இந்த இடத்தில் எனக்கு நகைச்சுவை வரவில்லை. ஒருவன் ஈரானில் இருக்கிறானா என்று முகவரியைத் துருவிக் கண்டுபிடிக்கத் தெரிந்த தளம், ஒரு முறை நடந்த அசிங்கம் அதே உருவில் மறுபடி உள்ளே வந்தபோது வாசலில் ஆளில்லாமல் இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு நகர்கிறேன்.

இனி அந்த வீட்டுக்குள் உழைப்பவர்களின் கதை. எக்ஸ்இசட் என்று ஒரு சிறு கருவி உண்டு. கோப்புகளைச் சுருக்கி வைப்பது அதன் வேலை. லினக்ஸ் ஓடுகிற இடமெல்லாம் அதுவும் இருக்கும். நம் பெயரில் கணக்கு இருக்கிற வங்கியின் சர்வரிலும் இருக்கலாம். பல வருஷமாக அதைப் பராமரித்தவர் பின்லாந்தில் ஒரே ஒரு ஆள். சம்பளம் இல்லை. 2022-இல் அவரை நெருக்கத் தொடங்கினார்கள்: ஏன் தாமதம், உனக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் கொடு. நெருக்கியவர்களில் ஒருவரின் பெயர் ஜிகர் குமார். ஆளே இல்லை, வெறும் பெயர் என்றுதான் இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த மனிதர் பதில் எழுதினார்: மனநலச் சிக்கலால் கொஞ்ச காலமாகத் திணறுகிறேன், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு என்பதை நினைவில் வையுங்கள் என்ற பொருளில். உலகம் முழுக்க அந்தக் கருவி மேல் நின்று காசு பார்க்கும் நிறுவனம் எதுவும் அந்த வரியைப் படித்துவிட்டு 'ஐயா, என்ன வேண்டும்' என்று வந்து நிற்கவில்லை. வந்தது ஜியா டான்.

ஜியா டான் தங்கமான பிள்ளை. 2021 முதலே பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார், பக் சரி செய்தார், சுமையைப் பங்கிட்டுக்கொண்டார். நம்பிச் சாவியைக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்புக்குள் ஒரு பின்கதவு இருந்தது: சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைகிற வாசலையே திறந்துவிடும் கதவு. சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தியவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே, ஏன் என்று தோண்டியவர். மைக்ரோசாஃப்ட் ஊழியர். வஞ்சனையில்லாமல் சொல்கிறேன், இந்த இடத்தில் அந்த நிறுவனத்துக்கு நன்றி. சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு அரை வினாடியைப் பற்றி யோசிக்க நேரம் இருந்தது. சம்பளமில்லாத ஒருவருக்கு மூச்சுவிட நேரமில்லை. உலகம் தப்பித்ததற்கும் மாட்டிக்கொண்டதற்கும் காரணம் அந்த ஒரே வித்தியாசம்.

கிட்ஹப் என்ன செய்தது? ரெப்போவை முடக்கியது, ஜியா டானின் கணக்கை முடக்கியது, கூடவே அந்தப் பின்லாந்துக்காரரின் கணக்கையும் முடக்கியது. வீடு திருடு போனதென்று அலறியவனையும் சேர்த்து லாக்கப்பில் வைப்பது நம் காவல் நிலையங்களின் காப்புரிமை என்று நினைத்திருந்தேன். பிறகு திறந்துவிட்டார்கள்.

ஜியா டான் மட்டும் நம் ஊரில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்திருந்தால் அன்றைக்கே ஆஃபர் லெட்டர். ப்ரொஃபைல் பக்கத்தில் பச்சைக் கட்டங்கள் அவ்வளவு அழகாக நிறைந்திருந்திருக்கும். கிட்ஹப் தெரியாதவர்களுக்காக: ஒரு நாள் நிரல் அனுப்பினால் அந்த நாளின் கட்டம் பச்சையாகும். தொடர்ந்து எத்தனை நாள் என்ற எண்ணிக்கையையும் முன்பு காட்டினார்கள். 2016-இல் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள், பச்சை இருக்கிறது. பொறியியல் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல்லுக்கு வேறென்ன வேண்டும்? 'கிட்ஹப் லிங்க் கட்டாயம்' என்று சுற்றறிக்கை. பையன் என்ன எழுதினான் என்று திறந்து பார்க்கிறவர் யாரும் இல்லை, பச்சையா என்று பார்த்தால் போதும். தினமும் ஒரு கோப்பில் ஒரு புள்ளி வைத்து, மறுநாள் அந்தப் புள்ளியை அழிக்கும் ஸ்கிரிப்டும் அதே கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓட விட்டுவிட்டுத் தூங்கலாம், தீபாவளியன்றும் பச்சை.

2020 அக்டோபரில் இந்தக் கலாசாரம் உலக மேடை ஏறியது. நாலு புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஓர் அமெரிக்க கிளவுட் நிறுவனம் வருஷா வருஷம் நடத்தும் விழா, ஹாக்டோபர்ஃபெஸ்ட். எப்படி எளிதாக அனுப்பலாம் என்று ஓர் இந்திய யூடியூபர் பாடம் எடுத்தார். அவ்வளவுதான். முன்பின் தெரியாத ரெப்போக்களின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'அற்புதமான ப்ராஜெக்ட்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அதை ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, மூடியவர்கள் அதே சம்பளமில்லாத மெயின்டெய்னர்கள், அதாவது நிரலைப் பராமரிப்பவர்கள். மூன்றாம் நாளே விதியை மாற்றினார்கள். 2023-இல் டி-ஷர்ட்டையே நிறுத்தினார்கள். ஆனாலும் பாடம் வற்றவில்லை. பிறகு எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற நிரல் நூலகத்தின் ரீட்மீயில் நம் பிள்ளைகள் வரிசையாகத் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள். வீடியோவில் அப்படித்தான் காட்டியிருந்தார்கள். மகாபலிபுரத்துப் பாறையில் 'குமார் லவ்ஸ் பிரியா' என்று கீறுகிற கைக்கு இன்டர்நெட் கிடைத்தால் வேறென்ன கீறும்?

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, நாலு வருஷத்தில் அடுத்தவர் நிரலை ஒரு பக்கம் படிக்கக் கற்றுத்தராமல், பச்சைப் பெயின்ட் அடிக்க மட்டும் கற்றுக்கொடுத்த கல்விப் பெருந்தகைகளுக்குத் தனி மேடையும் தனிப் பொன்னாடையும் உண்டு. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இவர்களின் குளிரூட்டிய ஆய்வகங்களுக்குள் எப்படியோ நுழையவே முடிவதில்லை.

அரசை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளும். 2020 ஏப்ரலில் ஆரோக்கிய சேது வந்தது. நம் உடம்பும் இருப்பிடமும் சம்பந்தப்பட்ட செயலியின் நிரலைக் காட்டு என்று கேட்டுக் கேட்டு, மே 26 அன்று ஆண்ட்ராய்டு நிரலை கிட்ஹப்பில் ஏற்றினார்கள். 'உலகத்துக்கே வெளிப்படைத்தன்மை காட்டினோம்' என்று முழக்கம். தகவல் போய்ச் சேரும் சர்வரின் நிரலைத் திறக்க நவம்பர் ஆனது. நடுவில் அக்டோபரில் ஒரு கூத்து. இந்தச் செயலியை உருவாக்கியவர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, எங்களிடம் விவரம் இல்லை என்று பதில் போனது. செயலியின் பக்கத்திலேயே தயாரித்தவர் என்று பெயர் போட்டிருந்த தேசியத் தகவல் மையமும் அதே பதிலைச் சொன்னது. மத்தியத் தகவல் ஆணையம் கடுப்பாகி விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டது.

கிட் என்ற கருவியில் 'பிளேம்' என்றொரு கட்டளை உண்டு. எந்த வரியை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எழுதினார் என்று வரிவாரியாகக் கக்கிவிடும். யார் செய்தது என்பதைப் பதிந்து வைப்பதற்கென்றே பிறந்த கருவியில் நிரலைப் போட்டுவிட்டு, யார் செய்தது என்று தெரியாது என்று எழுத்துமூலம் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு நிர்வாகத்தால்தான் முடியும். அந்தக் கட்டளையை நம் தலைமைச் செயலகங்களில் நிறுவ வேண்டும் என்று கேட்கமாட்டேன். மறுநாளே அது பணியிட மாற்றத்தில் போய்விடும்.

மறுபடி முதன்மை வள்ளலிடம் வருகிறேன். 2021 ஜூனில் கோபைலட் வந்தது. கிட்ஹப்பில் பொதுவில் கிடந்த நிரலைத் தின்று வளர்ந்த இயந்திரம். நீங்கள் பாதி வரி எழுதினால் மீதியை அது எழுதும். அறிமுகமான கொஞ்ச நாளிலேயே ஒருவர் அதனிடம் ஒரு சின்னக் கணக்கைக் கேட்டார். க்வேக் 3 விளையாட்டின் புகழ்பெற்ற நிரல் துண்டு அப்படியே வந்து விழுந்தது. மூல நிரலர் எரிச்சலில் குறிப்பாக எழுதி வைத்திருந்த கெட்ட வார்த்தை உட்பட. கெட்ட வார்த்தை தப்பாமல் வந்தது. எந்த உரிமத்தின் கீழ் அது கொடுக்கப்பட்டது என்பது மட்டும் தப்பாக வந்தது. ஒரு வருஷத்தில் மாதம் 10 டாலர் என்று விலை ஒட்டினார்கள். எடுத்தால் திருப்பிக் கொடு என்ற ஜிபிஎல் நிபந்தனையைத்தானே புற்றுநோய் என்றார்கள்? நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்: நிரல் மட்டும் உள்ளே போகும், நிபந்தனை வெளியே வராது. 2022 நவம்பரில் நிரலர்கள் வழக்குப் போட்டார்கள். பல குற்றச்சாட்டுகளை நீதிபதி தள்ளிவிட்டார்.

மாற்று வீடு இல்லாமல் இல்லை. பெர்லினில் லாப நோக்கமில்லாத சங்கம் ஒன்று கோட்பெர்க் என்ற தளத்தை நடத்துகிறது. அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. 2025 நவம்பரில் ஜிக் என்ற நிரல்மொழிக்காரர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். டெபியன், க்னோம், கேடிஇ போன்ற பெரிய திறமூலத் திட்டங்கள் சொந்தச் சர்வரிலேயே இருக்கின்றன. நாம் போகமாட்டோம். ஸ்டார் போய்விடும், எச்.ஆர். தேடினால் கிடைக்கமாட்டோம். தமிழுக்காக ராக்கண் விழித்து எழுதிய ஓப்பன்-தமிழ் நூலகமும் அந்தப் பெரிய வீட்டில்தான் இருக்கிறது. கோபைலட்டின் வாய்க்கு அதுவும் ஒரு கவளம்.

கடைசியாக இன்னொரு மெயின்டெய்னரின் கதை. இணையத்தில் தரவைக் கொண்டுவரும் கர்ல் என்ற கருவியை எழுதிய ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க்குக்கு 2022 ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் கண்ட பாதுகாப்பு ஓட்டையால் உலகமே பதறிக்கொண்டிருந்த நேரம். அவருக்கும் லாக்4ஜேவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அனுப்பியது கோடிக்கணக்கில் புரளும் ஒரு நிறுவனம்: உங்கள் தயாரிப்பைப் பற்றிய இந்தக் கேள்விகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் தேவை. ஆதரவு ஒப்பந்தம் போடுங்கள், மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்றார் அவர். அதன்பின் அவர் வாசலுக்கு, கோபைலட் மாதிரி இயந்திரங்கள் எழுதிய பக் அறிக்கைகள் வரத் தொடங்கின. இல்லாத ஓட்டையை, இல்லாத ஃபங்ஷனில், பக்கம் பக்கமாக, மிகவும் பணிவான ஆங்கிலத்தில் விளக்கும் அறிக்கைகள். பரிசுப் பணத்துக்காக அனுப்புகிறார்கள். 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தையே அவர் மூடிவிட்டார். அவரைப் போன்றவர்கள் எழுதிய நிரலைத் தின்றுதான் அந்த இயந்திரங்கள் எழுதப் பழகின. அவை எழுதும் பொய்யைப் படித்துப் பார்த்து 'இது பொய்' என்று சொல்வதற்கு மட்டும் இன்னமும் மனிதர்கள் வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குச் சம்பளம் என்ன என்று விசாரித்தேன். முத்திரை தருவார்களாம்.